‘டிஸ்ஆர்டர்’: நோயா, கோளாறா, குறைபாடா?

பொருள்: மென்டல் டிஸ்ஆர்டர் – ஒரே சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழாக்கும் மனநலப் பாடத்துக்கான சொற்பட்டியலில் இன்னும் இழுபறியாகவே கிடப்பது ‘டிஸ்ஆர்டர்’ (disorder). இப்போதைக்கு ஆளுமைக் கோளாறு, எண்ணச் சுழற்சி நோய், கவனக் குறைபாடு, மன ஒழுங்கின்மை என நான்கு இடத்தில் நான்கு விதமாக வைத்திருக்கிறோம். தனித்தனியாகப் படித்தால் எதுவும் புரியாமல் போகவில்லை. ஆனால் பாடத்தின் முதல் இயலிலேயே “எல்லா டிஸ்ஆர்டர்களுக்கும் பொதுவான இயல்புகள்” என்று ஒரு தலைப்பு வருகிறது. அங்கே எதைப் போட்டாலும் மற்ற மூன்றும் அந்த வரையறைக்கு வெளியே நிற்பதுபோல் ஆகிவிடும்.

என் பரிந்துரை ‘மனநோய்’. எல்லோருக்கும் தெரிந்த சொல், சுருக்கமானது, கூட்டுச்சொல்லாகவும் எளிதில் சேரும். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

மறு: மென்டல் டிஸ்ஆர்டர் – ஒரே சொல் வேண்டும்

> என் பரிந்துரை ‘மனநோய்’.

மறுக்கிறேன், ஐயா. ஆங்கிலத்தில் நோயைக் குறிக்க ‘டிசீஸ்’ என்ற சொல் கையிலேயே இருந்தும் அதை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டுத்தான் ‘டிஸ்ஆர்டர்’ என்று போட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலான ஐ.சி.டி.-10 இதைத் தன் முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கிறது: இது துல்லியமான சொல் அல்ல, ‘டிசீஸ்’, ‘இல்னஸ்’ ஆகியவற்றில் இதைவிடப் பெரிய சிக்கல்கள் இருப்பதால் இதை வைத்துக்கொள்கிறோம் என்று. அவர்கள் கவனமாக மூடிய கதவை நாம் தமிழில் திறந்துவிடக் கூடாது.

என்ன சிக்கல்? காசநோய் என்றால் அதன் பின்னால் ஒரு கிருமி இருக்கிறது. சளியை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டலாம். மனச்சோர்வுக்கு அப்படிக் காட்ட எந்த ஆய்வகச் சோதனையும் இல்லை. அறிகுறிகளை எண்ணித்தான் முடிவுக்கு வருகிறோம். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம்.-5 கணக்கில் ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம் தொடர வேண்டும். அந்த ஐந்தில் சோர்ந்த மனநிலையோ ஆர்வமிழப்போ ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஐ.சி.டி.யின் புதிய பதிப்பான ஐ.சி.டி.-11 நம்பிக்கையின்மையையும் சேர்த்துப் பட்டியலைப் பத்தாக்கிவிட்டது. ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு (இப்போது நாம் ‘மனச்சிதைவு நோய்’ என்பது) டி.எஸ்.எம். ஆறு மாதம் கேட்கிறது, ஐ.சி.டி.-11 ஒரு மாதம் போதும் என்கிறது. இவை மருத்துவர்கள் கூடிப் பேசி வகுத்த எல்லைக்கோடுகள். ‘நோய்’ என்று எழுதினால் கோடு இயற்கையே போட்டது என்று மாணவர் நினைத்துக்கொள்வார்.

மறு: மறு: மென்டல் டிஸ்ஆர்டர்

மொழிப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்.

முதலில் ஒரு சிறு திருத்தம். ‘நோய்’ என்பதற்குக் கிருமியோடு பிறவித் தொடர்பு ஏதும் இல்லை. நோ, நோதல், நோவு, நோய் எல்லாம் ஒரே வேர்; வலியும் வருத்தமும்தான் அடிப்பொருள். காதல் ஏக்கத்தையும் பழைய பாட்டில் நோய் என்றுதான் சொல்கிறார்கள். அந்த வகையில் அது ‘டிசீஸை’விட ‘இல்ன’ஸுக்கே (ஒருவர் உணரும் நலக்கேட்டுக்கே) நெருக்கம். ஆனால் இன்றைய வாசகர் வேரைப் பார்த்துப் படிப்பதில்லை. காசநோய், தொழுநோய், சர்க்கரை நோய் என்ற வரிசையில் வைத்தே படிக்கிறார். எனவே முடிவில் உங்களோடு உடன்படுகிறேன், அம்மா. காரணம் மட்டும் வேறு.

‘ஒழுங்கின்மை’யை இன்றே தூக்கிவிடலாம். ‘டிஸ்’ என்றால் இன்மை, ‘ஆர்டர்’ என்றால் ஒழுங்கு என்று அகராதியை வைத்து ஒட்டிய சொல் அது. தமிழில் ஒழுங்கு என்றதும் ஒழுக்கம் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளும். ‘ஒழுங்கீனமானவன்’ என்பது வசைச் சொல் அல்லவா?

‘மனப்பிறழ்வு’ இதைவிட ஆபத்தானது. பிறழ்தல் என்றால் நெறியிலிருந்து விலகுதல். சமூக நெறியிலிருந்து விலகியதை மட்டுமே வைத்து ஒருவருக்கு டிஸ்ஆர்டர் என்று சொல்லக் கூடாது என்பது டி.எஸ்.எம். வரையறையிலேயே இருக்கிற நிபந்தனை. அந்த நிபந்தனை சும்மா வரவில்லை. 1851-இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், அடிமைகள் தப்பியோடுவதையே ஒரு மனநோயாக்கி ‘ட்ராபெடோமேனியா’ என்று பெயர் வைத்தார். தன்பால் ஈர்ப்பை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் பட்டியலிலிருந்து நீக்கியது 1973-இல்தான். ‘பிறழ்வு’ என்று பெயர் வைத்துவிட்டுப் பிறகு “பிறழ்வு மட்டுமே பிறழ்வு ஆகாது” என்று எழுதுவீர்களா?

‘குறைபாடு’ என்பது இருக்க வேண்டிய அளவுக்கு இல்லாதது: வைட்டமின் குறைபாடு, பார்வைக் குறைபாடு. மனவெழுச்சி மிகும் ‘மேனியா’வில் எது குறைகிறது? உற்சாகம், பேச்சு, செலவு எல்லாம் அளவு மீறுகின்றன. உறக்கத்தின் தேவை ஒன்றுதான் குறைகிறது.

மிச்சமிருப்பது ‘கோளாறு’. இதற்கு ஆதரவாக இலக்கணம் சார்ந்த ஒரு காரணம் இருக்கிறது. ‘மாதவிடாய்க் கோளாறு’, ‘செரிமானக் கோளாறு’, ‘உறக்கக் கோளாறு’ என்ற வழக்குகளைப் பாருங்கள். மாதவிடாய் கோளாறு அல்ல, அதன் போக்கில் கோளாறு. யாரும் சொல்லிக்கொடுக்காமலே வேற்றுமைத் தொகையாக விரித்துப் படிக்கிறோம். இப்போது ‘பதற்ற நோய்’, ‘பதற்றக் கோளாறு’ இரண்டையும் அருகருகே வையுங்கள். முதலாவது இருபெயரொட்டாகிறது: பதற்றமே நோய். இரண்டாவது, பதற்றம் என்ற ஏற்பாட்டில் ஏதோ கெட்டிருக்கிறது என்கிறது. உறுப்புப் பெயரோடு வரும்போது (இதய நோய், தோல் நோய்) இந்த வேறுபாடு தெரியாது. உணர்ச்சிப் பெயரோடு சேர்ந்தால்தான் ‘நோய்’ இப்படி முகம் மாறுகிறது. நம் பட்டியலில் பாதிக்கு மேல் உணர்ச்சிப் பெயர்கள்.

மறு: மறு: மறு: மென்டல் டிஸ்ஆர்டர்

> பதற்றம் என்ற ஏற்பாட்டில் ஏதோ கெட்டிருக்கிறது

இந்த ஒரு வரியில் உளவியலின் நீண்ட வாதம் ஒன்றே அடங்கியிருக்கிறது. அமெரிக்க அறிஞர் ஜெரோம் வேக்ஃபீல்டு 1992-இல் முன்வைத்தது இதைத்தான்: டிஸ்ஆர்டர் என்று சொல்ல இரண்டு நிபந்தனைகள் சேர்ந்தே நிறைவேற வேண்டும். உள்ளே இயல்பாக இயங்க வேண்டிய ஒரு பொறிமுறை தவறியிருக்க வேண்டும். அதனால் வெளியே கேடு விளைந்திருக்க வேண்டும். பாம்பைக் கண்டு நடுங்குவது பதற்றம் தன் வேலையைச் செய்வது. அறையில் எதுவுமில்லாதபோது அதே நடுக்கம் நாள்தோறும் வந்தால் பொறிமுறை தவறுகிறது. உள்ளே தவறியும் வெளியே கேடு இல்லையென்றால் மருத்துவருக்கு அங்கே வேலை இல்லை. வெளியே அவதி எவ்வளவு இருந்தாலும் உள்ளே எதுவும் தவறவில்லை என்றால் அது வாழ்க்கைச் சிக்கல். (இந்த ‘உள்ளே’யை எப்படி அளப்பது என்று அவரை விமர்சிப்போர் கேட்பதும் நியாயமே. ஆனால் அது நம் பட்டியல் தீர்க்கக்கூடிய வழக்கு அல்ல.)

ஆகவே ‘டிஸ்ஆர்டரு’க்குச் சொல் கண்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதன் வரையறையில் வரும் துணைச்சொற்களில்தான் சிக்கல் இருக்கிறது. நம் வரைவில் மூன்று பிழைகளைக் கண்டேன்.

ஒன்று: ‘டிஸ்ஃபங்ஷன்’, ‘இம்பேர்மென்ட்’ இரண்டுக்கும் ‘செயல்குறைபாடு’ என்று ஒரே சொல். முதலாவது உள்ளே நடப்பது. இரண்டாவது வேலை, வீடு, உறவு என்று வெளியே தெரிவது. ஒரே சொல்லானால் “செயல்குறைபாட்டால் செயல்குறைபாடு உண்டாகிறது” என்று வாக்கியம் தன்னையே சுற்றிவருகிறது. உள்ளதற்கு ‘இயக்கத் தவறு’, வெளியதற்கு ‘வாழ்க்கைப் பாதிப்பு’ என்று பிரிக்கலாம். ‘செயலிழப்பு’ வேண்டாம்; சிறுநீரகச் செயலிழப்பு என்று பழகியதால், முற்றிலும் நின்றுபோனதாகத் தொனிக்கும்.

இரண்டு: ‘சிண்ட்ரோ’முக்கு ‘நோய்க்குறித் தொகுப்பு’. கோளாறு என்றால் என்ன என்று சொல்லவந்த இடத்தில் நோயை முன்கூட்டியே உள்ளே விட்டுவிட்டோம். நோய் இல்லையென்றால் நோய்க்குறி எங்கிருந்து வரும்? ‘அறிகுறித் தொகுதி’ போதும்.

மூன்று: ‘கிளினிக்கலி சிக்னிஃபிகன்ட்’ என்பது ‘மருத்துவ முக்கியத்துவம் வாய்ந்த’ என்றாகியிருக்கிறது. இது மருத்துவ மாநாட்டு அழைப்பிதழில் வரும் தொடர். சொல்லவந்தது, சிகிச்சை பற்றி யோசிக்கும் அளவுக்குக் கடுமை என்பதுதான். ‘சிகிச்சை நோக்கில் பொருட்படுத்தத்தக்க’ என்று சற்று நீண்டாலும் பரவாயில்லை.

மறு: கோளாறு – எனக்கிருக்கும் இரு தயக்கங்கள்

‘மனநோயை’ விட்டுக்கொடுக்கிறேன். இருபெயரொட்டு வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

‘கோளாறு’ மீது இன்னும் இரண்டு தயக்கம். இயந்திரக் கோளாறு, தொழில்நுட்பக் கோளாறு என்றே அன்றாடம் கேட்கிறோம், மனிதரை மோட்டாராக்குகிறோமோ? அடுத்து, ‘புத்திக் கோளாறு’, ‘கோளாறு பிடித்தவன்’ என்று திட்டவும் அதே சொல்தான். நோய் என்றால் இரக்கமாவது வரும்.

மறு: மறு: கோளாறு – எனக்கிருக்கும் இரு தயக்கங்கள்

இரண்டாவது தயக்கம் உண்மை. ஆனால் எந்தச் சொல்லை வைத்தாலும் சில ஆண்டுகளில் அது வசையாகத் தேய்ந்துவிடும். தேயும் வேகம் எதில் குறைவு என்றுதான் பார்க்க முடியும். ‘நோய்’ உடனே ‘நோயாளி’யைப் பெற்றுப்போடும், ஆள் முழுவதையும் அந்தச் சொல் விழுங்கிவிடும். ‘கோளாறாளி’ என்று யாரும் சொல்லப்போவதில்லை. ‘கோளாறு உள்ளவர்’ என்று விரித்துத்தான் சொல்ல வேண்டும். ஆள் வேறு, கோளாறு வேறு என்று மொழியே பிரித்துவைக்கிறது. கோளாறு சரியாகக்கூடியது என்ற தொனியையும் இயந்திர வழக்குதான் தருகிறது. அதனால் உங்கள் முதல் தயக்கம் எனக்குக் குறையாகப் படவில்லை.

வினாத்தாளில் இது கண்கூடாகத் தெரியும். மனச்சோர்வைக் கண்டறிய உதவும் பி.எச்.கியூ-9 படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். அதன் தலைப்பில் ‘மனநோய் வினாப்பட்டியல்’ என்று அச்சடித்தால் “எனக்கு நோயெல்லாம் ஒன்றுமில்லை” என்று வரிசையாகச் சுழியம் போட்டுவிட்டுப் போவார்கள். ஒன்பது கேள்விகளுக்கும் கீழே தனியாக இன்னொரு கேள்வி உண்டு: இந்தத் தொல்லைகளால் வேலை பார்ப்பதும், வீட்டைக் கவனிப்பதும், பிறரோடு பழகுவதும் எவ்வளவு கடினமாகின என்று. அதற்கு மதிப்பெண் கூட்டுவதில்லை. அறிகுறி ஒரு கணக்கு, வாழ்க்கைப் பாதிப்பு வேறு கணக்கு என்று முந்தைய மடலில் பிரித்தது படிவத்திலேயே இருக்கிறது.

சொல்லை உரைத்துப் பார்க்க ‘துக்க’த்தைவிட நல்ல கல் இல்லை. நெருங்கியவர் இறந்தபின் வரும் துயரம் கோளாறு அல்ல என்று வரையறையே சொல்கிறது. ஆனால் அது தணியாமல் இறுகிப்போன நிலைக்கு ஐ.சி.டி.-11 ஒரு பெயர் வைத்தது, 2022-இல் டி.எஸ்.எம்.-5 திருத்தப் பதிப்பும் வைத்தது. முன்னதற்கு ஆறு மாதம், பின்னதற்குப் பெரியவர்களானால் பன்னிரண்டு மாதம். அவரவர் சமூகமும் சமயமும் எதிர்பார்ப்பதையும் மீறியிருக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. இதை ‘நீடித்த துக்க நோய்’ என்று மொழிபெயர்த்துப் படித்துப் பாருங்கள்: ஓராண்டு அழுதவரெல்லாம் நோயாளி. ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்றால், துக்கம் ஆறும் வழியில் ஏதோ அடைபட்டிருக்கிறது என்று படிக்க இடமிருக்கிறது.

மறு: வரையறை – திருத்திய வரைவு

எல்லாவற்றையும் சேர்த்து:

“மனநலக் கோளாறு என்பது ஒருவருடைய சிந்தனையிலோ, உணர்ச்சிகளை ஆளும் திறனிலோ, நடத்தையிலோ சிகிச்சை நோக்கில் பொருட்படுத்தத்தக்க குலைவாகத் தெரியும் அறிகுறித் தொகுதி. மனம் இயங்குவதற்கு அடிப்படையான உளவியல், உயிரியல் அல்லது வளர்ச்சிச் செயல்முறைகளில் ஏற்பட்ட இயக்கத் தவறை அது காட்டுகிறது. பெரும்பாலும் அவதியோ வாழ்க்கைப் பாதிப்போ உடனிருக்கும்.”

‘டிஸ்ட்ரெ’ஸுக்கு ‘அவதி’ என்று மாற்றியிருக்கிறேன். ‘மன உளைச்சல்’ வேலைப்பளுவுக்கும் தேர்வுப் பயத்துக்கும் ஓடித் தேய்ந்துவிட்டது. ‘பெரும்பாலும்’ என்பதைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். மேனியாவில் இருப்பவர் தனக்கு எந்த அவதியும் இல்லை என்றே சொல்வார்.

பொதுத்தலைப்பில் மட்டும் ‘மனநலக் கோளாறு’. வகைப்பெயர்களில் ‘கோளாறு’ மட்டும் போதும். ‘பதற்ற மனநலக் கோளாறு’ என்று நீட்ட வேண்டாம். ‘உளக்கோளாறு’ சிறியதுதான், ஆனால் பேச்சில் எங்கும் இல்லை.

மறு: மறு: வரையறை – திருத்திய வரைவு

ஏற்கிறேன். பட்டியலில் மாற்றிவிடுகிறேன்: பதற்றக் கோளாறு, இருமுனைக் கோளாறு, ஆளுமைக் கோளாறு, உண்ணல் கோளாறு, எண்ணச் சுழற்சிக் கோளாறு. ‘மனச்சோர்வு’ தனியாகவே நிற்கட்டும், பேச்சிலும் அப்படித்தான்.

‘மனச்சிதைவு நோய்’ என்பதில் கைவைக்கவில்லை. ஆங்கிலப் பெயரில் ‘டிஸ்ஆர்டர்’ இல்லாததால் அது இந்த விதிக்குள் வராது.

மறு: மறு: மறு: வரையறை

விதிக்குள் வராவிட்டாலும் அதைத் தொடாமல் விட முடியாது. ஜப்பானிய மொழியிலும் பழைய பெயர் ‘மனம் பிளந்த நோய்’ என்றே இருந்தது. 2002-இல் அதை ‘ஒருங்கிணைப்பு குலைந்த நிலை’ என்ற பொருளில் மாற்றினார்கள். முன்பகுதி மட்டுமல்ல, இறுதியில் நோயைக் குறித்த ‘பியோ’வும் போய், நிலையைக் குறிக்கும் ‘ஷோ’ வந்தது. அதற்குமுன் மூன்றில் ஒருவருக்குத்தான் மருத்துவர்கள் நோயின் பெயரையே வாய்விட்டுச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் மூன்றில் இருவராயிற்று. நம்முடைய ‘சிதைவு’ பிளவைவிடக் கடுமை: சிதைந்த சிலை திரும்பி வராது. முடிவாகும்வரை ‘ஸ்கிசோஃப்ரீனியா’ என்றே பட்டியலில் இருக்கட்டும். தனி இழை தொடங்குகிறேன்.

அப்புறம், ‘உண்ணல் கோளாறு’ வேண்டாமே, ‘உணவுப்பழக்கக் கோளாறு’ என்று மாற்றுங்கள். அங்கே ‘க்’ விடுபட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.