பூத் ஜோலோகியா செடியில் பூக்கள் காம்போடு உதிர்கின்றன: காரணமும் தீர்வும் என்ன?

தொட்டிச்செடி:
அனைவருக்கும் வணக்கம். பூத் ஜோலோகியா, கரோலினா ரீப்பர் ஆகிய இரண்டு மிளகாய் வகைகளையும் விதையிலிருந்து வளர்த்து வருகிறேன். விதை முளைக்கவே 24 நாட்கள் ஆயின. இப்போது ஐந்தாம் மாதம் நடக்கிறது. பூத் ஜோலோகியா இடுப்பு உயரம் வளர்ந்து, உள்ளங்கை அகல இலைகளுடன் கரும்பச்சையாகச் செழித்திருக்கிறது. ஆனால் பூத்த மூன்றாம் நாளே காம்பு மஞ்சளாகி, இலேசாகக் காற்று பட்டாலும் பூக்கள் உதிர்ந்துவிடுகின்றன. இன்று காலை தொட்டியைச் சுற்றி 17 பூக்கள் கிடந்தன. வாரந்தோறும் கடலைப் பிண்ணாக்குக் கரைசலும், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மண்புழு உரமும் தருகிறேன்.

ரீப்பர் செடியின் கதை வேறு. அதன் கொழுந்து இலைகள் குறுகி, ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருள்கின்றன. மேலும், சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் தம் தோட்டத்தில் எடுத்துத் தந்த பூத் ஜோலோகியா விதையில் விளைந்த பழங்கள் சாதாரண மிளகாயின் காரத்தைக்கூட எட்டவில்லை. இவற்றுக்குக் காரணம் தெரிந்தவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

வேரும் மண்ணும்:
வணக்கம் நண்பரே. இலை அகலமாகவும் கரும்பச்சையாகவும் இருக்க, பூ மட்டும் நிற்கவில்லை என்றால் முதலில் தழைச்சத்தைத்தான் (நைட்ரஜன்) சந்தேகிக்க வேண்டும். கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்து மிகுதி. அதை வாரந்தோறும் பெறும் செடி இலையும் கிளையுமாகவே வளர்ந்துகொண்டிருக்கும். கரைசலை ஒரு மாதத்துக்கு அடியோடு நிறுத்திவிட்டு, சாம்பல் சத்து (பொட்டாசியம்) கூடுதலாக உள்ள உரத்தைச் சிறிய அளவில் கொடுங்கள்.

அடுத்த காரணம் வெப்பம். பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாத நாட்களில் மகரந்தம் வீரியம் இழப்பதால் பூக்கள் கருவுறாமல் உதிர்கின்றன; இரவில் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலும் இதே நிலைதான். நண்பகலுக்குப் பிறகு நிழல்வலை கட்டிவிட்டால், தொட்டியின் பக்கச்சுவர் சூடேறி வேர் வெந்துபோவதும் தவிர்க்கப்படும். தொட்டி 20 லிட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, அங்கே ஈரம் குறைந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவது பூவுக்கும் பிஞ்சுக்கும் கேடு.

உங்கள் இரண்டு மிளகாய்களும் கேப்சிகம் சைனென்சே என்னும் இனத்தைச் சேர்ந்தவை. ஒரே கணுவில் இரண்டு முதல் ஐந்து பூக்கள் வரை தலைகவிழ்ந்து தொங்கும், அத்தனையும் காயாவதில்லை. காலையில் பூ விரிந்து, ஊதா நிற மகரந்தப் பைகள் வெடித்துத் தூள் தெரியும் நேரத்தில் கிளையை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். காற்றும் தேனீயும் குறைவாக உள்ள இடங்களில் இது நல்ல பலன் தரும்.

இலைநோய் பார்ப்பவர்:
ரீப்பர் பற்றி மட்டும் சொல்கிறேன். இலை ஓரம் மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு, இலைக்காம்பு நீண்டு கொழுந்து குறுகினால் மஞ்சள் சிலந்தி. இந்தச் சிலந்தி வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கொழுந்தைக் கிள்ளி, அதன் அடிப்புறத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், நரம்பை ஒட்டிக் கண்ணாடித் துளிபோன்ற உயிர்கள் ஊர்வதைக் காணலாம்.

மிகவும் சுருண்ட நுனிகளை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் தொடர வேண்டும். நனையும் கந்தகமும் (நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) சிலந்திக்கு நல்ல மருந்துதான் என்றாலும், எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் அதைத் தெளித்தால் இலை கருகிவிடும் என்பதால் இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுங்கள். இலையில் மஞ்சள் திட்டுகள் தோன்றி நரம்புகள் தடித்திருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. பக்கத்துச் செடிகளைக் காக்க அந்தச் செடியைப் பிடுங்கிவிடுவதே சரி.

விதைக்காரர்:
காரம் குறைந்ததற்கு விடை பெரும்பாலும் விதையில்தான் இருக்கிறது. மிளகாய் தன்மகரந்தச் சேர்க்கை உடையது என்றாலும், அருகில் காரமற்ற வகை இருந்தால் தேனீக்கள் கலப்பை உண்டாக்கிவிடும். கலப்பு நடந்த ஆண்டில் பழத்தின் சதை தாய்ச்செடியின் காரத்தோடே இருக்கும் என்பதால் யாருக்கும் ஐயம் வராது. அந்த விதையை விதைத்த அடுத்த தலைமுறையில்தான் வேறுபாடு வெளிப்படும். விதைக்கென ஒதுக்கும் கிளையின் மொட்டுகளை விரியும் முன்பே மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி, பிஞ்சு பிடித்தபின் பையை எடுத்து அடையாள நூல் கட்டுங்கள்.

பூத் ஜோலோகியா 2007-இல் கின்னஸ் பதிவு பெற்றபோது அதன் காரம் 10,01,304 ஸ்கோவில் அலகுகள். ரீப்பரின் சராசரி 16,41,183. எனவே பறிக்கும்போதே கையுறை அணியுங்கள். காரத்தைத் தரும் கேப்சைசின் மிகுதியாக இருப்பது விதையில் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையில்தான் அது உருவாகிறது. நான் ஒருமுறை வெறுங்கையால் ஐந்து பழங்களைப் பிளந்து விதை எடுத்து, தண்ணீரில் மட்டும் கை கழுவிவிட்டு, இரவில் கண்ணைத் தொட்டு வெகுநேரம் துடித்தேன். கேப்சைசின் நீரில் கரையாது. முதலில் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பால் இரண்டு முறை கழுவ வேண்டும். குழந்தைகள் உள்ள வீடானால் தொட்டியை அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

தொட்டிச்செடி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பிண்ணாக்கை நிறுத்தி, நிழல்வலை கட்டினேன். ரீப்பரின் கொழுந்தை உருப்பெருக்கியில் பார்த்தபோது சொன்னது போலவே சிலந்திகள் இருந்தன. இப்போது புதிய இலைகள் விரிந்து வருகின்றன. பூத் ஜோலோகியாவில் பட்டாணி அளவில் மூன்று பிஞ்சுகள், காம்பு பச்சையாகவே நிற்கின்றன. இவற்றை எப்போது பறிக்கலாம்?

விதைக்காரர்:
மிக்க மகிழ்ச்சி. பிஞ்சு முழு அளவை எட்டிய பிறகும் பல நாட்கள் பச்சையாகவே நிற்கும்; பொறுத்திருங்கள். காம்படி வரை சிவந்து, தோலில் சுருக்கம் விழாத நிலையில், கிளையைப் பிடித்துக்கொண்டு கத்தரியால் வெட்டி எடுங்கள். இழுத்துப் பறித்தால் கணுவோடு கிளை முறிந்து, அடுத்த பூக்களும் போய்விடும்.