அட்மின் பாஸ்வேர்டு கொடுத்து இன்ஸ்டால் பண்ணினா ஷார்ட்கட்டும் செட்டிங்கும் யூசருக்கு வரல, ஏன்?

லேப்பொறுப்பு:
18 கம்ப்யூட்டர், எல்லாம் விண்டோஸ் 10. யூசர்களுக்கு ஸ்டாண்டர்டு அக்கவுன்ட், அட்மின் அக்கவுன்ட் தனி. சர்வர் ஷேரை இசட் டிரைவா மேப் பண்ணி, செட்டப் ஃபைலை அதுல வெச்சிருக்கு. யூசர் அக்கவுன்ட்ல இருந்து டபுள் கிளிக் பண்ணினா அட்மின் பாஸ்வேர்டு கேட்குது. கொடுத்தா சில செட்டப் "பாதை கிடைக்கவில்லை"ன்னு நின்னுடுது. சிலது முழுசா முடியுது, ஆனா டெஸ்க்டாப்ல ஐகான் இல்லை, லைசென்ஸ் கீயும் போய்ச் சேரல. பாஸ்வேர்டு சரிதான். எல்லாரையும் அட்மின் ஆக்குறதைத் தவிர வழி இருக்கா?

கருப்புத்திரை:
அட்மின் ஆக்க வேண்டாம். அந்தப் பெட்டியில பாஸ்வேர்டு கொடுத்ததும் உங்க யூசருக்கு அதிகாரம் கூடுறதா நினைக்கிறீங்க. அப்படி இல்லை. செட்டப் அந்த நிமிஷத்துல இருந்து அட்மின் அக்கவுன்ட்டோட ஆளா ஓடுது. டாஸ்க் மேனேஜர்ல டீடெய்ல்ஸ் டேப்பைத் திறந்து யூசர் நேம் பத்தியைப் பாருங்க, செட்டப் பக்கத்துல அட்மின் பேர் நிற்கும்.

அதனால "இந்த யூசரோட டெஸ்க்டாப்"னு செட்டப் தேடினா கிடைக்கிறது அட்மினோட டெஸ்க்டாப். ஆளாளுக்குத் தனியா செட்டிங் சேமிக்கிற கரன்ட் யூசர் ரெஜிஸ்ட்ரியும் ஆப்டேட்டா ஃபோல்டரும் அவரோடதுதான். உங்க லைசென்ஸ் கீ அங்கேதான் இருக்கும், அட்மினா லாகின் பண்ணிப் பாருங்க.

இசட் டிரைவ் விஷயமும் இதே கதைதான். மேப் பண்ணின டிரைவ் அந்தந்த லாகினுக்கு மட்டும் சொந்தம். சோதிக்கணும்னா கமாண்ட் பிராம்ப்டை "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்"ல திறந்து இசட், பக்கத்துல முக்காற்புள்ளி அடிங்க. அப்படி ஒரு டிரைவே இல்லைன்னு சொல்லும். எனேபிள்லிங்க்டுகனெக்‌ஷன்ஸ்னு ரெஜிஸ்ட்ரியில 1 போட்டா அட்மினா ஓடுற புரோகிராமுக்கும் டிரைவ் தெரியும்னு நிறையப் பேர் எழுதுவாங்க. அது ஒரே ஆள் அட்மினாவும் இருக்கிற மெஷினுக்குத்தான் பலிக்கும், உங்களை மாதிரி ரெண்டு தனி அக்கவுன்ட்டுக்கு உதவாது. ஃபைலை சி டிரைவ்ல யூசர்ஸ், பப்ளிக் ஃபோல்டருக்கு காப்பி பண்ணி அங்கிருந்து ஓட்டுங்க, முடிஞ்சது.

சர்வீஸ்பேக்:
மேலே சொன்னது சரி. அதோட, செட்டப்ல "ஆல் யூசர்ஸ்" கேட்டா அதையே தேர்ந்தெடுங்க. அப்போ ஷார்ட்கட் பப்ளிக் டெஸ்க்டாப்புக்குப் போகும், எல்லாருக்கும் தெரியும். செட்டப் எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலரே நேரா ஓட்டுற வகை) ஃபைல்னா கட்டளை வரியில ஆல்யூசர்ஸ் ஈக்வல் 1 கொடுங்க. லைசென்ஸ் கீயை செட்டப் ஓடும்போது போடாம, முடிஞ்ச பிறகு யூசர் லாகின்ல புரோகிராமைச் சாதாரணமா திறந்து போடுங்க.

எல்லா செட்டப்புக்கும் அட்மின் தேவையும் இல்லை. விஎஸ் கோடுங்கிற கோட் எடிட்டருக்கு யூசர் இன்ஸ்டாலர், சிஸ்டம் இன்ஸ்டாலர்னு ரெண்டு இருக்கு. முதலாவது பாஸ்வேர்டே கேட்காது, ஆப்டேட்டாவுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். இன்னோ செட்டப் 6ங்கிற இன்ஸ்டாலர் செய்ற டூல்ல கட்டின இன்ஸ்டாலர்ல, செஞ்சவர் அனுமதிச்சிருந்தா, ஸ்லாஷ் போட்டு கரன்ட்யூசர்னு கொடுத்தாலும் அதே பலன். ஆனா 18 மெஷின்ல பல யூசர் மாறி மாறி உட்கார்ற இடத்துல இது தலைவலி: ஆளுக்கு ஒரு காப்பி, ஆளுக்கு ஒரு வெர்ஷன்.

பிரிண்டர் டிரைவர்ல இந்த வித்தையெல்லாம் பலிக்காது. பிரிண்ட்நைட்மேர்ங்கிற பிரிண்டிங் பாதுகாப்பு ஓட்டைக்குப் பிறகு 2021 ஆகஸ்ட் அப்டேட்ல இருந்து அதுக்கு அட்மின் கட்டாயம். அதைக் கையோட நீங்களே போட்டுடுங்க.

ஓரிழை:
ரெண்டு எச்சரிக்கை. யூஏசியை (அந்தப் பாஸ்வேர்டு பெட்டியைக் காட்டுற விண்டோஸ் வசதி) அணைச்சா தொல்லை தீரும்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. ஸ்டாண்டர்டு யூசருக்கு பாஸ்வேர்டு பெட்டி வரவே வராது, இன்ஸ்டால் நேரா ஃபெயில் ஆகும். ரெண்டாவது, யூசரைத் தற்காலிகமா அட்மின் குரூப்ல சேர்த்தா லாக் ஆஃப் பண்ணி மறுபடி லாகின் பண்ணினாத்தான் அமலுக்கு வரும். எடுத்த பிறகும் அப்படியே. இந்த ரெண்டாவது லாக் ஆஃபைத்தான் எல்லாரும் மறக்குறாங்க, யூசர் சாயங்காலம் வரை அட்மினாவே உலாவுவார்.

லேப்பொறுப்பு:
பப்ளிக் ஃபோல்டர்ல இருந்து ஓட்டினா செட்டப் எல்லாம் முடியுது. ஒரு பழைய கணக்கு சாஃப்ட்வேர் மட்டும் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அட்மின் பாஸ்வேர்டு கேட்குது. எர்ரர் 1303ன்னு இன்னொண்ணு, வேற ஃபோல்டர் மாத்திக் கொடுத்தப்போ வந்தது.

கருப்புத்திரை:
1303 முதல்ல. எம்எஸ்ஐ வேலையைச் செய்றது சிஸ்டம் அக்கவுன்ட்ல ஓடுற விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ். அந்த ஃபோல்டர்ல சிஸ்டத்துக்கு உரிமை இல்லைன்னா நீங்க அட்மினா இருந்தும் 1303 வரும். ஃபோல்டர்ல ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், செக்யூரிட்டி, எடிட்; சிஸ்டத்தைச் சேர்த்து ஃபுல் கன்ட்ரோல் கொடுங்க.

கணக்கு சாஃப்ட்வேர் அனேகமா தன் டேட்டா ஃபைலை புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுதுது. அதனாலதான் எழுதினவர் அட்மின் கேட்கும்படி வெச்சிருப்பார். டேட்டா எந்த சப்ஃபோல்டர்ல இருக்குன்னு கண்டுபிடிச்சு, அதுக்கு மட்டும் யூசர்ஸ் குரூப்புக்கு மாடிஃபை உரிமை கொடுங்க. புரோகிராம் ஃபைலான இஎக்ஸ்இ இருக்கிற ஃபோல்டருக்குக் கொடுத்துடாதீங்க, யாராவது அதை மாத்தி வெச்சா அடுத்த தடவை நீங்க அட்மினா ஓட்டுறது அந்தப் போலியைத்தான். அப்புறம் ஒரு பேட்ச் ஃபைல்ல (கட்டளைகளை எழுதி வெச்சு ஓட்டுற ஃபைல்) கம்பாட் லேயர்ங்கிற என்விரான்மென்ட் வேரியபிளை ரன்ஆஸ்இன்வோக்கர்னு (திறக்கிறவரோட அதிகாரத்துலேயே ஓடுன்னு அர்த்தம்) செட் பண்ணி புரோகிராமைத் திறங்க. வேரியபிள் பேருக்கு முன்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர், நடுவுல ஒண்ணு. பாஸ்வேர்டு கேட்காது. திறந்ததும் ஒரு டெஸ்ட் பில் போட்டு, சேமிச்சு, மூடித் திறந்து பாருங்க. பில் காணாம போனா அது வேற எங்கேயோவும் எழுதுது, சப்ஃபோல்டரைத் தப்பாப் பிடிச்சிருக்கீங்க.