ஈயக்குண்டு கம்பியை விட்டு வரமாட்டேன் என்கிறது

பாம்பனிலிருந்து:

விசைப்படகுகள் மீன்பிடிக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. அந்த 61 நாளும் எங்கள் தெருவில் வலை வேலைதான். இந்த முறை நண்டு வலையின் அடிக்கயிற்றில் பாரத்துக்குக் கோக்கிற ஈயக்குண்டைக் கடையில் வாங்காமல் நாமே வார்த்துவிடலாம் என்று இறங்கினேன். பழைய ஈயம் 20 கிலோ வீட்டிலேயே கிடந்தது. லேத் பட்டறையில் சொல்லி, இரண்டு பாதியாகப் பிரிகிற அலுமினிய அச்சு செய்து வாங்கினேன். நடுவில் துளை விழ 6 மில்லி கம்பி.

முதல் நாள் வார்த்ததில் ஒன்றுகூட கம்பியை விட்டுக் கழலவில்லை. சுத்தியலால் தட்டினால் குண்டு நசுங்குகிறது. சரி, எண்ணெய் போட்டால் வழுக்கும் என்று அச்சிலும் கம்பியிலும் எஞ்சின் ஆயில் தடவினேன். ஊற்றியதும் புகை மண்டியது. பிரித்துப் பார்த்தால் குண்டு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி. இதைச் செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

மண்டபத்திலிருந்து:

தம்பி, எண்ணெய்தான் வினை. ஈயம் உருகவே 327 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் ஆயில் ஆவியாகி உள்ளே இடம் பிடித்துக்கொள்கிறது. எங்கள் அப்பா மண்ணெண்ணெய் விளக்கின் மேல் அச்சைக் காட்டுவார், கண்மை பிடிப்பது போல. மெல்லிசாகக் கரி படிந்தால் போதும், குண்டு தானாக விழும். முதல் நாலைந்து குண்டு சுருக்கம் விழுந்துதான் வரும், அச்சு இன்னும் சூடேறவில்லை என்று அர்த்தம். அவற்றைச் சட்டியிலேயே திரும்பப் போட்டுவிடுங்கள்.

கம்பி விஷயம் வேறு. ஈயம் ஆறும்போது சுருங்கிக் கம்பியை இறுக்கிக்கொள்ளும். லேத்தில் கொடுத்து ஒரு முனை சற்றுச் சிறுத்து வருகிற மாதிரி கடைந்து வாங்குங்கள். பென்சில் முனையைக் கம்பி முழுக்கத் தேய்த்துவிட்டு ஊற்றுங்கள். முழுக்க ஆறும் வரை காத்திருக்காமல், கெட்டியானதும் குறட்டால் ஒரு திருகு திருகி உருவிவிட வேண்டும்.

தங்கச்சிமடத்திலிருந்து:

கம்பி வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள் அண்ணே. போன வருஷம் நான் வார்த்த குண்டெல்லாம் பார்க்க லட்சணமாக இருந்தன. தென்கடலில் நீரோட்டம் பலமாக இருந்த நாலு நாளில் அடிக்கயிறு இரண்டு இடத்தில் அறுந்துபோனது. கரைக்கு வந்து குண்டின் துளைக்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டுப் பார்த்தேன், வாயோரத்தில் பிளேடு மாதிரி ஒரு பிசிறு. கயிறு அதில் உரசி உரசியே போயிருக்கிறது.

இப்போது ஒவ்வொரு குண்டிலும் 6.5 மில்லி டிரில் பிட்டைக் கையாலேயே விட்டுத் திருகுகிறேன். மெஷினில் போட்டால் ஈயம் பிட்டில் அப்பிக்கொள்ளும். கையால் செய்தாலும் பிட்டில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வேண்டும். எண்ணெய்க்கு வேலை இந்த இடத்தில்தான்! எடை இரண்டு மூன்று கிராம் முன்னே பின்னே இருந்தால் நான் கண்டுகொள்வதில்லை, நண்டு தராசு வைத்துப் பார்க்கப் போவதில்லை.

தொண்டியிலிருந்து:

பழைய ஈயம் என்றதும் பயமாக இருக்கிறது. வலையிலிருந்து கழற்றிய குண்டின் துளையில் கடல்தண்ணீர் நின்றிருக்கும். அதை உருகிய சட்டியில் போட்டேன், வெடித்துத் தெறித்ததில் முன்னங்கையில் மூன்று தழும்பு. இப்போது முதல் நாள் வெயிலில் காயவைத்து, மறுநாள் சட்டி குளிர்ந்திருக்கும்போதே மொத்தத்தையும் போட்டு அடுப்பைப் பற்றவைக்கிறேன். பேட்டரி ஈயம் வேண்டவே வேண்டாம், அதிலிருந்து விஷ வாயு கிளம்பும். புகை வீட்டுப் பக்கம் போகாத இடமாகப் பாருங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

பாம்பனிலிருந்து:

கரி பிடித்துப் பார்த்தேன், குண்டு பொத்தென்று விழுகிறது அண்ணே. கம்பி லேத்துக்குப் போயிருக்கிறது. குழி விழுந்த முதல் நாள் குண்டுகளில் ஒன்றை அம்மா எடுத்துக் கதவு அடிக்காமல் முட்டுக்கொடுத்திருக்கிறார், திருப்பித் தரமாட்டாராம்.