ஃபாரின் கீ இருந்தும் ஒரே பயனருக்கு இரண்டு சுயவிவரம் வருவது ஏன்?

கேள்வி:
வணக்கம். மைஎஸ்க்யூஎல் 8 தரவுத்தளம், அதன் இன்னோடிபி சேமிப்பு எஞ்சின். ‘பயனர்’, ‘சுயவிவரம்’ என இரண்டு டேபிள்கள். ஒருவருக்கு ஒரே சுயவிவரம்தான் இருக்க வேண்டும். சுயவிவரத்தில் தனியாக ஆட்டோ இன்கிரிமென்ட் (தானாக ஏறும் எண்) ஐடி இருக்கிறது. ‘பயனர்_ஐடி’ மேல், பயனர் டேபிளைச் சுட்டும் ஃபாரின் கீ போட்டிருக்கிறேன். ஆனாலும் பயனர் 42க்கு இரண்டு பதிவுகள் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு டேபிளையும் இணைத்து ஜாயின் போட்டால் அவர் பெயர் இரண்டு முறை வருகிறது. ஃபாரின் கீ இதைத் தடுக்க வேண்டாமா?

பதில் 1:
தடுக்காது. 42 என்ற பயனர் இருக்கிறாரா என்று மட்டும்தான் அது பார்க்கும். இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே விடும். ஆக, இப்போது உங்களிடம் இருப்பது ஒன்றுக்குப் பல உறவு. பயனர்_ஐடி மேல் யூனிக்கும் (ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது என்ற கட்டுப்பாடு) போட்டால்தான் ஒன்றுக்கு ஒன்று ஆகும். அதைவிட நல்ல வழி, தனி ஐடியைத் தூக்கிவிட்டு, பயனர்_ஐடியையே பிரைமரி கீயாகவும் (பதிவின் முதன்மை அடையாளம்) ஃபாரின் கீயாகவும் வைப்பது.

அதற்கு முன் இரட்டைப் பதிவுகளைக் களைய வேண்டும், இல்லையென்றால் 1062 பிழை (இந்த மதிப்பு ஏற்கெனவே உள்ளது) வரும். பயனர்_ஐடி வாரியாக குரூப் பை செய்து, கவுண்ட் ஒன்றுக்கு மேல் இருப்பவற்றை ஹேவிங்கில் (குழுக்களை வடிகட்டும் பகுதி) எடுங்கள். பெரிய ஐடிதான் புதியது என்று நம்பி அழித்துவிடாதீர்கள். பழைய பதிவைப் பிற்பாடு யாராவது திருத்தியிருக்கலாம்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, மிக்க நன்றி! அப்புறம் இன்னொன்று. சுயவிவரம் இல்லாத பயனரும் இருக்கக் கூடாது. அதற்காக பயனர் டேபிளிலிருந்தும் எதிர்த்திசையில் ஃபாரின் கீ போட்டேன். இப்போது எதைச் சேர்த்தாலும் 1452 பிழை (சுட்டப்படும் பதிவு இல்லை).

பதில் 2:
பயனரைச் சேர்க்கச் சுயவிவரம் வேண்டும், சுயவிவரத்தைச் சேர்க்கப் பயனர் வேண்டும். இன்னோடிபி ஒவ்வொரு பதிவையும் அப்போதே சரிபார்ப்பதால் இரண்டுமே நுழைய முடியாது. போஸ்ட்கிரெஸ் என்ற வேறு தரவுத்தளத்தில் ஃபாரின் கீயை டிஃபரபிள், இனிஷியலி டிஃபர்டு என்று அறிவித்தால், சரிபார்ப்பு கமிட் (மாற்றங்களை உறுதிசெய்யும் கட்டம்) வரை பொறுத்திருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் அந்த வசதி கிடையாது. எதிர்த்திசை கீயை எடுத்துவிட்டு, இரண்டு இன்சர்ட்டையும், முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரே டிரான்ஸாக்‌ஷனில் வையுங்கள்.

ஆனால் ஒன்றில்லாமல் மற்றொன்று இருக்கவே கூடாது என்றால் இரண்டு டேபிள் எதற்கு? ஒன்றாக்கி, கட்டாய விவரங்களுக்கு நாட் நல் (காலியாக விடக் கூடாது) கொடுத்தால் போதும். சிலருக்கு மட்டும் உள்ள விவரம், அல்லது வேறு அணுகல் அனுமதி தேவைப்படும் விவரம் என்றால் பிரிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பதில் 1:
அவசரத்துக்கு ஃபாரின்_கீ_செக்ஸ் என்ற அமைப்பை 0 ஆக்கி, ஃபாரின் கீ சோதனையை நிறுத்திவிட்டுச் சேர்க்க மட்டும் வேண்டாம். திரும்ப 1 ஆக்கும்போது, இடையில் நுழைந்த பதிவுகளை மைஎஸ்க்யூஎல் சோதிப்பதில்லை. பயனரே இல்லாத சுயவிவரங்கள் அப்படியே தங்கிவிடும். ஏற்கெனவே அப்படிச் செய்திருந்தால், சுயவிவரத்தை இடப்பக்கம் வைத்துப் பயனரோடு லெஃப்ட் ஜாயின் (இடப்பக்கப் பதிவுகள் எல்லாம் வரும் இணைப்பு) போட்டு, பயனர் பக்கம் நல் (காலி) வரும் பதிவுகளைத் தேடுங்கள்.