ஜீன்ஸைத் துவைக்கலாமா, கூடாதா? (வேலூர் வெயிலை மனதில் வைத்துச் சொல்லுங்கள்)

காட்பாடிப் பையன்:
எட்டு மாதத்துக்கு முன் வாங்கிய கருநீல ஜீன்ஸ் இப்போது சாம்பல் நிறம். தொடை இடுக்கில் வெள்ளை நூல் தெரிகிறது. அம்மா வாராவாரம் கல்லில் அடித்துத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போடுகிறார். இனி ஆறு மாதம் தண்ணீரே காட்டப்போவதில்லை. லெவிஸ் ஜீன்ஸ் கம்பெனியின் தலைவராக இருந்த சிப் பெர்க்கே, ஒரு வருடமாகத் துவைக்காத ஜீன்ஸோடு 2014-ல் மேடையேறினார்.

சத்துவாச்சாரி அக்கா:
அவர் ஏசியில் இருக்கிறவர் தம்பி. நீ கத்திரி வெயிலில் கிரீன் சர்க்கிள் நெரிசலில் பைக்கோடு நிற்கிறவன். பக்கத்தில் உட்காருகிறவர்களை நினைத்துப் பார்.

காட்பாடிப் பையன்:
கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 15 மாதம் துவைக்காமல் போட்டார். பிறகு துவைத்து 13 நாள் போட்டுப் பார்த்தபோதும் கிருமி எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சத்துவாச்சாரி அக்கா:
நான் கிருமியைச் சொல்லவே இல்லை. புழுதியைச் சொல்கிறேன். அது வியர்வையோடு நூலிடுக்கில் உட்கார்ந்து, நீ நடக்க நடக்க அரைக்கும். துவைக்காமல் விட்டால் நிறம் மிஞ்சும், துணி மிஞ்சாது.

குடியாத்தம் தறி:
இருவரும் பாதி சரி. ஜீன்ஸில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்தான் நீலம், குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை. அந்தப் பாவு நூலிலும் இண்டிகோ என்கிற நீலச் சாயம் நடுவரை இறங்காது, மேல்தோலில் மட்டும் நிற்கும். உரசினால் உரிந்து உள்ளிருக்கும் வெள்ளை தெரியும். ஆக, குற்றவாளி தண்ணீர் இல்லை, கல்லும் பிரஷ்ஷும்தான். உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, ஜிப்பைப் போட்டு, பச்சைத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்துக் கையால் அலசினால் போதும்.

வாலாஜா மருமகள்:
முதல் துவையலில் உப்பும் வினிகரும் போட்டால் சாயம் போகாது என்று என் மாமியார் சொல்வார்.

குடியாத்தம் தறி:
அது வேறு சாயங்களுக்குச் சொன்ன கதை அம்மா. இண்டிகோ தண்ணீரில் கரையாது, உதிர்ந்துதான் போகும். உப்பு அதை ஒட்டவைக்காது. இன்னொன்று, நம் போர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு அதிகம். சோப்புக்கட்டி நுரைக்காமல் கருந்துணியில் வெள்ளையாகப் படியும். திரவ டிடர்ஜென்ட் கொஞ்சமாகப் போடுங்கள். கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் கிடைத்தால் நல்லது.

சத்துவாச்சாரி அக்கா:
காவிரித் தண்ணீர் வருகிற நாளில் குடம் பிடிப்பதா, ஜீன்ஸ் அலசுவதா?

காட்பாடிப் பையன்:
:) சரி, நிழலில் காயவைக்கலாமா?

வாலாஜா மருமகள்:
ஐப்பசி அடைமழையில் நிழலில் போட்டால் இரண்டு நாளில் நாறும்.

குடியாத்தம் தறி:
அப்போது வெயில் வந்தால் தாராளமாகப் போடுங்கள், உள்பக்கம் வெளியே இருக்கட்டும். ஸ்ட்ரெட்ச் வகை என்றால் வெந்நீரும் சூடான இஸ்திரியும் வேண்டாம். எலாஸ்டிக் நூல் தளர்ந்து முட்டி தொங்கிவிடும்.

ஆம்பூர் பாய்:
இடுக்கில் நூல் தெரியும்போதே டெய்லரிடம் கொடுத்துவிடுங்கள். உள்ளே பழைய ஜீன்ஸ் துண்டை வைத்து நெருக்கமாக ஓட்டித் தருவார். ஓட்டை விழுந்தபின் போனால் ஒட்டு வெளியே தெரியும்.

காட்பாடிப் பையன்:
நாளைக்கே கொடுக்கிறேன் பாய். அக்கா, மாதம் ஒருமுறை துவைக்கிறேன், போதுமா?

சத்துவாச்சாரி அக்கா:
மே மாதத்தில் போதாது.

காட்பாடிப் பையன்:
அம்மாவிடம் இனிமேல் கல்லில் அடிக்காதே என்றேன். "அப்போ நீயே துவைச்சிக்கோ" என்று வாளியை நீட்டிவிட்டார்.