ஏ.சி. தண்ணீர் விழும் இடத்தில் மட்டும் கூரைத் தகடு துருப்பிடிப்பது ஏன்?

கேள்வி:
வணக்கம். தூத்துக்குடியில் எங்கள் மாடியில் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுள்ள, வண்ணம் பூசாத இரும்புத் தகட்டுக் கூரை போட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஏ.சி.யின் வடிகுழாய் சொட்டும் இடத்திலிருந்து நான்கு விரல் அகலத்தில் பழுப்புத் துரு நாக்குப்போல இறங்கியிருக்கிறது. மற்ற இடமெல்லாம் பளபளப்பாகவே இருக்கிறது. கடற்காற்றுதான் காரணம் என்கிறார் கூரை போட்டவர். அப்படியானால் கூரை முழுவதும் அல்லவா துருப்பிடித்திருக்க வேண்டும்?

பதில் 1:
உங்கள் ஐயம் நியாயமானது. ஏ.சி.க்குள் காற்றைக் குளிர்விக்கும் சுருள் பெரும்பாலும் செம்பால் ஆனது. அதன்மேல் படிந்து வடியும் நீர், கண்ணுக்குத் தெரியாத அளவில் செம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அந்தச் செம்பு தகட்டின்மேல் படிந்ததும், அதைச் சுற்றியுள்ள பூச்சு கரையத் தொடங்குகிறது; பூச்சு தீர்ந்தபின் இரும்பு துருப்பிடிக்கிறது. இரண்டு உலோகங்கள் நேரே தொட்டால்தான் இவ்வகை அரிப்பு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். செம்பைத் தொட்டு வந்த தண்ணீரே போதும். எனவே முதலில் வடிநீரைப் பி.வி.சி. குழாய் வழியே தரைவரை இறக்கிவிடுங்கள். அதற்குமுன் வண்ணம் பூசினால் செலவுதான் மிஞ்சும்.

பதில் 2:
திருகுகளையும் பாருங்கள். பெரிய தகட்டில் சிறிய எவர்சில்வர் திருகு இருந்தால் அரிப்பு பரந்த பரப்பில் பகிர்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் உப்பு ஈரம் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதால், கடலோரத்தில் அதை நம்பாமல் தகட்டு நிறுவனம் சொல்லும் பூச்சுத் திருகையே போடுவது நல்லது. இன்னொன்று: வெட்டுவதற்காகத் தகட்டில் பென்சிலால் கோடு போடவே கூடாது. பென்சிலின் கிராஃபைட்டும் செம்பைப்போலவே பூச்சை அரிக்கும். போட்ட கோடு பின்னாளில் அரிப்புக் கோடாகத் தெரியும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று மேலே ஏறிப் பார்த்தேன். ஏ.சி.யின் செப்புக் குழாயைச் சுற்றியிருந்த நுரை உறை வெயிலில் பொடிந்துபோய், பச்சை படிந்த குழாய் தகட்டின்மேலேயே கிடக்கிறது. அது தொடும் இடத்தில் விரலை வைத்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது.

பதில் 1:
அந்த வெள்ளைப் பொடி, கரைந்துபோன பூச்சுதான். குழாய்க்குப் புதிய உறை போட்டு, அதைப் பி.வி.சி. குழாய்க்குள் செலுத்தி, தகட்டைத் தொடாதபடி பிளாஸ்டிக் தாங்கிகளில் உயர்த்தி வையுங்கள். துருவை நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவி, நன்கு உலர்ந்தபின் துத்தநாகம் மிகுந்த பிரைமரும் அதன்மேல் வண்ணமும் பூசலாம். இரும்புக் கம்பிப் பிரஷ் வேண்டாம். அதன் துகள்கள் தகட்டில் ஒட்டித் தாமே துருப்பிடிக்கும். ஓட்டை விழுந்திருந்தால் அந்த ஒரு தகட்டை மட்டும் மாற்றிவிடுங்கள்; ஈயத் தகட்டால் ஒட்டுப்போட்டால் அங்கும் இதே அரிப்பு தொடங்கும்.