வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்: ஹைப்பர் சோஷியபிலிட்டி

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வில்லியம்ஸ் நோய்க்குறி உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

7ஆம் குரோமோசோமின் நீண்ட கையில், 25 முதல் 28 மரபணுக்கள் அடங்கிய சிறு துண்டு ஒன்று, அந்தக் குரோமோசோமின் இரண்டு நகல்களில் ஒன்றில் மட்டும் விடுபட்டுப் போவதால் வருவது இது. 1961இல் நியூசிலாந்தில் வில்லியம்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் முதலில் எழுதினார்கள். விடுபட்ட துண்டில் எலாஸ்டின் (இரத்தக்குழாய்களுக்கு மீள்தன்மை தரும் புரதம்) மரபணுவும் இருப்பதால் மகாதமனி குறுகிப்போகும். இதெல்லாம் தமிழில் எழுதிவிட்டேன். ஆனால் இக்குழந்தைகள் முன்பின் தெரியாத யாரிடமும் தயங்காமல் போய் ஒட்டிக்கொள்வார்கள். அந்த இயல்புக்கு மூலத்தில் ஹைப்பர் சோஷியபிலிட்டி என்று இருக்கிறது. நான் 'மிகைச் சமூகத்திறன்' என்று போட்டேன். படியைப் படித்துப் பார்த்த தாய் ஒருவர், "திறன் அதிகம்னா நல்லதுதானே, அதை ஏன் கோளாறுல சேர்த்திருக்கீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

– இரா.

* * *

இரா. அவர்களுக்கு,

சமூகம் வடசொல். அதை விடுங்கள். நம்மிடம் 'கேண்மை' (நட்பு) இருக்கிறது. கேள் என்னும் அடி. கேள், கேளிர், கேண்மை. இதைச் செவியால் கேட்பதோடு பொருத்துவாருண்டு. நம் குறையைக் கேட்பவர் கேளிர் என்பார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. கிளை என்றால் சுற்றம். மரத்தின் கிளை, குடும்பத்தின் கிளை. கிளை, கேள் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. கிளைஞர் என்ற சொல்லையும் பாருங்கள். 'மீ' என்ற முன்னொட்டு மீயொலியில் (அல்ட்ராசவுண்ட்) ஏற்கெனவே பழகியதுதான். ஆகவே 'மீக்கேண்மை'. சுருக்கமாகவும் இருக்கிறது, இலக்கியச் செழுமையும் இருக்கிறது.

– புலவர் செ.

* * *

புலவர் ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் குழந்தைக்குப் பொருந்தாது. நான் 11 ஆண்டுகளாகச் சிறப்புக் கல்வி ஆசிரியை. என் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்தாள், ஏழு வயது. தண்ணீர் கேன் போடுகிறவர் வாசலில் வண்டியை நிறுத்தியதும் எழுந்து ஓடுவாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்து, "உங்க பேரு என்ன? உங்க அம்மா பேரு என்ன? சாப்பிட்டீங்களா?" என்பாள். பதிலுக்குக் காத்திருக்கமாட்டாள். ஒருநாள் கேன்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துவிட்டாள். நல்ல மனிதர், இறக்கிவிட்டுப் போனார். அன்று என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அதே பிள்ளைக்கு வகுப்பில் ஒரு தோழி கிடையாது. விளையாட்டில் தன் முறை வரும்வரை நிற்கத் தெரியாது, அடுத்தவள் முகம் சுளித்தால் புரியாது. நெருங்கும் ஆசை மலையளவு, நட்பைக் காக்கும் திறன் கொஞ்சம். இரண்டும் வேறு வேறு. கேண்மை என்றால் நட்பு கைகூடிவிட்டது என்றாகிவிடும். திறன் என்றால் அந்தத் தாய் கேட்டதுபோலத்தான் கேட்பார்கள். வேண்டியது ஆசையைக் குறிக்கும் சொல்.

– த.

* * *

த. அக்கா சொல்வது சரி. யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு விஷயம்.

எங்களிடம் 'சமூகமளித்தல்' என்றால் கூட்டத்துக்கு வருகை தருவது. பள்ளி அறிவித்தலில் எல்லாம் வரும். 'மிகைச் சமூக' என்று தொடங்கினால் வருகைப் பதிவேடுதான் நினைவுக்கு வரும். உங்கள் பக்கம் அந்தச் சொல்லைச் சாதி என்ற பொருளில் சொல்கிறார்கள். ஆக இரு கரைக்கும் ஆகாது.

இரண்டாவது, 'மரபணு'. நாங்கள் பாடநூலில் பரம்பரையலகு என்று படித்தோம். இரண்டிலும் ஒரே சிக்கல். கேட்டவுடன் தாய்மார் "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லையே, யார் பக்கத்தால வந்தது?" என்று கேட்டு அழுகிறார்கள். வில்லியம்ஸ் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக அந்தத் துண்டு விடுபடுகிறது. கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதை எழுதுங்கள். எந்தச் சொல்லைவிடவும் இது முக்கியம்.

ஒட்டிக்கொள்ளும் பிள்ளையை எங்கள் ஊரில் 'வாரப்பாடான பிள்ளை' என்பார்கள். தமிழகத்தில் விளங்காது என்பதால் வற்புறுத்தவில்லை.

– ந.

* * *

ந. சொன்னதைச் சேர்த்துவிட்டேன், மிக்க நன்றி. சொல்லுக்கு வருவோம். 'மிகைப்பழக்கம்' எப்படி?

– இரா.

* * *

வேண்டாம். பழக்கம் என்றாலே குடிப்பழக்கம்தான் முன்னால் வந்து நிற்கும்.

– மு.

* * *

பழகு என்ற வினையே இங்கே பொருந்தாது என்பேன். 'பழ' என்னும் அடி பழமையைக் காட்டும். நாள்பட நாள்படத்தான் பழக முடியும். பார்த்த மாத்திரத்தில் கையைப் பிடிப்பது பழகுதலுக்கு நேர் எதிர்.

குறளில் இதற்கு இடமிருக்கிறது. 'நாடாது நட்டலிற் கேடில்லை' (791). ஆராயாமல் நட்புக் கொள்வதைப் போலக் கேடு வேறில்லை. த. அம்மையார் சொன்ன பிள்ளை செய்வது அதுதான், நாடாது நட்டல். நள் (நட்புக் கொள்) என்னும் அடியிலிருந்து 'நாடாநட்பு' என்று ஆக்கலாம்.

– பேரா. வே.

* * *

பேராசிரியர் ஐயாவிடம் மரியாதையோடு மறுக்கிறேன். "அந்தப் பையன் நல்லா பழகுவான்" என்று ஊரில் சொல்வது பழைய சிநேகத்தையா? புதியவரோடு எளிதாகச் சேர்வதைத்தான். சொல் எங்கே பிறந்தது என்பதைவிட இன்று எங்கே குடியிருக்கிறது என்பது பெற்றோருக்கு முக்கியம்.

நாடாநட்பில் எனக்கு வேறு வருத்தமும் உண்டு. கேடு என்று முடிகிற குறளை அந்தக் குழந்தையின் தலையில் ஏற்றவேண்டாம். அவள் ஆராயாமல் விட்டதல்ல. ஆராயும் கருவி வேறுமாதிரி அமைந்துவிட்டது.

– மு.

* * *

நான் மூலக்கூற்று உயிரியல் படித்தவன். நீங்கள் கவனிக்காத ஒன்று. அதே துண்டு விடுபடாமல், ஒன்று கூடுதலாக இரட்டித்துப் போகிற குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குப் பேச்சு தாமதமாகும். மனிதர்கள் நடுவில் கடும் பதற்றம் வரும், சிலருக்கு ஆட்டிசமும் இருக்கும். ஒரே இடம்: குறைந்தால் ஒட்டுதல், கூடினால் ஒதுங்குதல். அந்தத் துண்டிலுள்ள ஜிடிஎஃப்2ஐ மரபணுவைப் பலரும் ஆராய்கிறார்கள். 2017இல் வந்த ஓர் ஆய்வு, நாய்கள் ஓநாய்களைவிட மனிதரோடு ஒட்டிக்கொள்வதையும் இதே பகுதியின் மாற்றங்களோடு தொடர்புபடுத்தியது. ஒரு மரபணுதான் காரணம் என்று யாரும் முடிவுகட்டவில்லை.

அதனால் நமக்கு வேண்டியது ஒற்றைச் சொல் அல்ல, கூடவும் குறையவும் கூடிய அடிச்சொல். மீக்கேண்மைக்கு எதிர்ச்சொல் என்ன? 'மிகை', 'குறை' என்றால் இரண்டு பக்கமும் பொருந்தும். மிகையியக்கம் (ஹைப்பர் ஆக்டிவிட்டி) ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது.

– அ.

* * *

அப்படியானால் அடிச்சொல் 'ஒட்டல்' ஆகட்டும். பகைவரை வள்ளுவர் 'ஒட்டார்' என்கிறார் (967). ஒட்டாதவர் பகைவர் என்றால் ஒட்டுபவர் நண்பர். தாய்மார் வாயிலும் இதே சொல். மிகையொட்டல், குறையொட்டல். மீக்கேண்மையை நான் திரும்பப் பெறுகிறேன்.

– புலவர் செ.

* * *

ஐயா, மனமார்ந்த நன்றி. ஆனால் ஒட்டுதல் என்பதைத் தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்புக்கு நாங்கள் வைத்திருக்கிறோம். அது உளவியலில் தனிக் கோட்பாடு. இரண்டையும் கலந்தால் பயிற்சி வகுப்பில் குழப்பம் வரும். 'பழகுநாட்டம்' என்றால்? திறன் இல்லை, நாட்டம்தான். மிகைப்பழகுநாட்டம், குறைப்பழகுநாட்டம்.

– த.

* * *

நாட்டம் என்பதற்கு ஆராய்ச்சி என்றும் பொருள். நோய்நாடி, குணம்நாடி, நாடாது நட்டல் எல்லாவற்றிலும் அதே பொருள்தான். ஆராயாத குழந்தைக்கு நாட்டம் மிகுந்தது என்கிறீர்கள். இதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

– பேரா. வே.

* * *

வியாழன் இரவு 11 மணி. மிகைப்பழகுநாட்டத்துக்கு ஆறு பேர், மிகையொட்டலுக்கு மூவர், ஒலிபெயர்ப்பே போதும் என்று இருவர். முதல் இடத்தில் 'பார்த்தவுடன் யாரோடும் ஒட்டிக்கொள்ளும் இயல்பு' என்று விரித்து எழுதி, அடைப்புக்குள் மிகைப்பழகுநாட்டம் என்று போட்டுவிட்டேன். அடுத்த பக்கங்களில் சொல் மட்டும். அந்தத் தாய்க்குப் படித்துக் காட்டினேன். விரித்து எழுதியதைக் கேட்டதும் "இதான், இதான் எம் பொண்ணு" என்றார். சொல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

– இரா.

* * *

கையேடு சிறக்கட்டும். என் கலைச்சொல் அகராதியில் மிகையொட்டல் என்றே இருக்கும். பிணைப்புக்கு 'பிணைப்பு' என்ற சொல் இருக்கும்போது, ஒட்டலை ஏன் அதற்குத் தரவேண்டும்? த. அம்மா இதற்கு மட்டும் நேரம் கிடைக்கும்போது விடை எழுதவும்.

– புலவர் செ.